எல்லாருக்கும் ஒரே விதி என்பதே பாகுபாடு ஆகுமா? பார்வை குறைந்துவரும் சக ஊழியர் பற்றி ஒரு கேள்வி

பேரேடு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சிறிய குழு ஒன்றுக்குப் பொறுப்பாளர். எங்கள் குழுவில் இருக்கும் மூத்த ஊழியர் ஒருவருக்குக் கொஞ்ச காலமாகப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. விழித்திரையில் பரம்பரையாக வரும் கோளாறு. முதலில் பக்கப் பார்வை போனது, இப்போது நேர்ப் பார்வையும் மங்குகிறது. வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. திரையில் இருப்பதை உரக்கப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளை வீட்டில் தானாகவே கற்றுக்கொண்டு, எண்களைக் காதால் கேட்டே எந்த வரவு எந்தச் செலவோடு ஒட்டவில்லை என்று பிடித்துவிடுகிறார்.

அவர் நிர்வாகத்திடம் கேட்டது அதிகமில்லை. பில்களும் அறிக்கைகளும் அச்சிட்டு, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாக வருகின்றன. அதற்குப் பதில் மென்பொருளிலிருந்து நேரடியாக எடுத்த கோப்பையே தரச் சொல்கிறார். அலுவலகக் கணினியில் திரைவாசிப்பானை நிறுவ ஐ.டி. பிரிவு அனுமதிக்க வேண்டும் என்கிறார். மாதக் கடைசி அறிக்கைக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசமும் கேட்டிருக்கிறார்.

மேலிடத்தின் பதில், "விதி எல்லாருக்கும் ஒன்றுதான். ஒருவருக்கு மாற்றினால் நாளைக்கு ஆளாளுக்குக் கேட்பார்கள்." இதற்கிடையில் அவரைத் தொலைபேசி விசாரணைப் பிரிவுக்கு மாற்றலாம் என்று பேச்சு அடிபடுகிறது. அவருக்கு அது சுலபமாக இருக்குமாம். அவரிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. குழுவிலும் ஓரிருவர், "அதே சம்பளம், அவருக்கு மட்டும் கூடுதல் நேரமா?" என்று முணுமுணுக்கிறார்கள்.

யாரும் அவரைத் திட்டவில்லை, கேலி செய்யவில்லை. அப்படியிருந்தும் இது சட்டப்படி பாகுபாடு ஆகுமா? இங்கே பல நாடுகளில் இருப்பவர்கள் எழுதுகிறீர்கள். எல்லாச் சட்டத்துக்கும் பொதுவாக ஒரு அடிப்படை இருந்தால் சொல்லுங்கள். நிர்வாகத்திடம் நான் எதை எடுத்துப் பேசுவது?

---

வெண்பிரம்பு பதில்:

ஆகும். திட்டினால்தான், கேலி செய்தால்தான் பாகுபாடு என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். நான் பிறவியிலேயே பார்வையில்லாதவன், கணக்குத் துறையில்தான் வேலை செய்கிறேன். என்னைப் பின்னுக்குத் தள்ளிய எந்த முடிவையும் யாரும் கெட்ட எண்ணத்தோடு எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

நீங்கள் தேடும் பொது அடிப்படை இருக்கிறது. 2006 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்று, 2008 மே மாதம் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 2ஆம் பிரிவைப் படியுங்கள். ஒருவருக்குத் தேவைப்படுகிற, செய்பவருக்குத் தாங்கமுடியாத சுமையாகாத நியாயமான ஏற்பாட்டை மறுப்பதும் பாகுபாடுதான் என்று அங்கே வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. மறுப்பவரின் மனதில் என்ன இருந்தது என்ற கேள்வி அங்கே வருவதேயில்லை. இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பாகுபாடு என்பதற்குத் தரும் விளக்கத்துக்குள்ளேயே இந்த மறுப்பைச் சேர்த்திருக்கிறது.

'எல்லாருக்கும் ஒரே விதி' என்பதற்கு வருகிறேன். பிரிட்டனில் ஆர்ச்சிபால்ட் எதிர் ஃபைஃப் கவுன்சில் என்று ஒரு வழக்கு. சாலை பெருக்கும் வேலையில் இருந்த பெண்மணி ஒருவருக்கு ஓர் அறுவை சிகிச்சையில் சிக்கலாகி நடக்கவே முடியாமல் போனது. மேசை வேலை அவரால் நன்றாகச் செய்ய முடியும். கவுன்சிலும் அவருக்குப் பயிற்சி கொடுத்தது, காலியிடங்களுக்கு விண்ணப்பிக்கவும் விட்டது. ஆனால் அந்த வேலைகள் கொஞ்சம் மேல்நிலை என்பதால், எல்லாரையும் போல நேர்முகத் தேர்வில் போட்டி போட்டு ஜெயிக்க வேண்டும் என்றது. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பித்தார், ஒன்றும் கிடைக்கவில்லை, கடைசியில் வேலையே போய்விட்டது. கவுன்சிலின் வாதம் உங்கள் மேலிடத்தின் வாதமேதான், அவரை எல்லாரையும் போலத்தானே நடத்தினோம் என்பது. அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 2004இல் அதை ஏற்கவில்லை. மற்றவர்களைவிடக் கூடுதலாகச் செய்தால்தான் ஒருவரால் வேலையில் நீடிக்க முடியும் என்றால், அந்தக் கூடுதலைச் செய்வதே சட்டம் விதிக்கும் கடமை என்றது. போட்டித் தேர்வு இல்லாமல் நேரடியாக அந்த இடத்தைக் கொடுப்பதும் அந்தக் கடமைக்குள் வரலாம் என்றது.

உங்கள் நண்பர் கேட்பது இதில் ஒரு துளிகூட இல்லை. ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் எங்களுக்கு என்ன என்று நிர்வாகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. அதைத் திறந்தால் திரைவாசிப்பான் "காலி ஆவணம்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும், இல்லாவிட்டால் "படம்" என்று ஒரே சொல். உள்ளே நாற்பது வரி பில் இருக்கலாம், அதில் ஒரு எழுத்துகூடக் காதுக்கு வராது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருளைப் போட்டு எடுத்தால் பாதி வரும். ஆனால் 8 என்பது 3 ஆகும், தசமப் புள்ளி காணாமல் போகும். கதைப் புத்தகத்தில் ஓர் எழுத்து தப்பினால் ஊகித்துக்கொள்ளலாம், கணக்கில் முடியுமா? ஒவ்வோர் எண்ணையும் கூட்டிப் பார்த்து, ஒட்டாத இடத்தில் யாரையாவது கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி, திரும்பவும் கூட்ட வேண்டும். அவருக்குக் கூடுதல் நேரம் ஏன் தேவைப்படுகிறது என்று நினைக்கிறீர்கள்? பெரும்பகுதி இதற்குத்தான். கோப்பை நேரடியாகக் கொடுத்துப் பாருங்கள், அவகாசக் கோரிக்கை பாதியாகச் சுருங்கிவிடும். முணுமுணுக்கும் தோழர்களிடம் இதைத்தான் சொல்லுங்கள். அந்தக் கோப்பு ஏற்கெனவே மென்பொருளில் சுத்தமாக இருக்கிறது. அதை அச்சிட்டு, திரும்ப ஸ்கேன் செய்து, ஒருவருக்குப் பூட்டிவிடும் வேலையை அலுவலகம்தான் செய்கிறது.

தொலைபேசிப் பிரிவு விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. முன்பு நான் இருந்த ஓரிடத்தில் மென்பொருளை மாற்றினார்கள். புதியதில் பொத்தான்களுக்குப் பெயரே இல்லை. எங்கே போனாலும் "பட்டன், பட்டன், பட்டன்" என்றுதான் கேட்கும், எது சேமிக்கும் எது அழிக்கும் என்று தெரியாது. அதைச் சரிசெய்யச் சொல்லி எழுதினேன். பதிலாக வந்தது இடமாற்றக் கடிதம். உங்கள் நன்மைக்காகத்தான் என்று பரிவோடுதான் சொன்னார்கள். சம்பளம் குறையவில்லை. ஆனால் அடுத்த முறை பதவி உயர்வுப் பட்டியல் வந்தபோது கணக்குத் துறை அனுபவம் இல்லை என்று என் பெயரை விட்டுவிட்டார்கள். படித்துத் தேறி வந்த துறையிலிருந்து ஒருவரை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நகர்த்துவதை அக்கறை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு வேலையில் சேர்வதை மட்டும் பேசவில்லை, வேலையில் தொடர்வதையும் முன்னேறுவதையும் சேர்த்தே பேசுகிறது.

---

சிறுதொழில் பதில்:

வெண்பிரம்பு ஐயா, நீங்கள் சொல்வது மனதுக்குப் படுகிறது. ஆனால் என்னைப் போன்றவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பத்துப் பேரை வைத்துத் தொழில் நடத்துகிறேன். நாளைக்கு ஒருவர் மின்தூக்கி வேண்டும் என்றால் நான் எங்கே போவேன்? வாடகைக் கட்டடம் வேறு. சட்டம் பெரிய நிறுவனத்தையும் என்னையும் ஒரே தட்டில் வைத்தால், என்னைப் போன்றவர்கள் பயந்துபோய் மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுப்பதையே தவிர்க்கப் பார்ப்பார்கள். குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

---

சட்டமேசை பதில்:

தொழிலாளர் வழக்குகளில் வேலை செய்பவன் என்ற முறையில் சிறுதொழில் அண்ணாவுக்குப் பதில் சொல்கிறேன். பேரேடு அவர்களுக்கும் இது தேவைப்படும்.

சட்டம் உங்களை ஒரே தட்டில் வைக்கவில்லை. அந்தக் கடமைக்கே 'நியாயமான' என்ற எல்லை உண்டு. எது தாங்கமுடியாத சுமை என்பதை அந்தந்த நிறுவனத்தின் அளவு, வசதி, செலவு எல்லாம் பார்த்துத்தான் எடைபோடுவார்கள். அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் வேலைவாய்ப்புப் பகுதி 15 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்குப் பொருந்துவதேயில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு நெறிமுறையின் 5ஆம் பிரிவு, அரசு உதவி கிடைத்துச் செலவு ஈடாகிவிட்டால் அதைச் சுமை என்று சொல்ல முடியாது என்கிறது. பிரிட்டனில் 'ஆக்சஸ் டு வொர்க்' என்ற அரசுத் திட்டம் இந்த வகைச் செலவுகளுக்குப் பணம் தருகிறது. எங்கே இருந்தாலும் இப்படி ஏதாவது உதவி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பல முதலாளிகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

இன்னொன்று, ஏற்பாடு என்றதும் மின்தூக்கிதான் நம் கண் முன்னால் வருகிறது. அமெரிக்காவில் 'ஜாப் அகாமடேஷன் நெட்வொர்க்' என்ற ஆலோசனை அமைப்பு முதலாளிகளிடம் பல ஆண்டுகளாகக் கேட்டுத் திரட்டும் தகவலில், ஏறக்குறைய பாதி ஏற்பாடுகளுக்குச் செலவே ஆகவில்லை என்று வருகிறது. வேலை நேரத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளுவது, மேசையை இடம் மாற்றுவது, கூட்டத்தில் பேசியதை எழுதித் தருவது மாதிரியான காரியங்கள்தான் பெரும்பாலும். பேரேடு சொன்ன கோப்பு விஷயமும் அப்படித்தான்.

எது எதை மாற்றச் சொல்லக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலையின் உயிரான பகுதியையே எடுத்துவிடச் சொல்லிச் சட்டம் கேட்பதில்லை. கணக்கு சரிபார்ப்பவர் கணக்கைச் சரிபார்த்துத்தான் ஆக வேண்டும். அதை எந்த வடிவக் கோப்பில், எந்தக் கருவியோடு, எந்த வரிசையில் செய்கிறார் என்பது வழிமுறை. வழிமுறையை மாற்றலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "அப்படியானால் அவரால் இந்த வேலையே முடியாது" என்று சொல்லும் மேலாளர்களைத்தான் வழக்குகளில் அதிகம் பார்க்கிறேன்.

பேரேடு அவர்களே, மூன்று விஷயம் கவனத்தில் வையுங்கள். ஏற்பாட்டின் செலவை அந்த ஊழியர் தலையில் கட்டக் கூடாது. இந்தியாவில் அந்த 2016 சட்டத்தின் கீழ் வந்த 2017 விதிகள் முழுச் செலவையும் சரி, ஒரு பகுதியையும் சரி, அவரைக் கொடுக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று நேரடியாகவே சொல்கின்றன. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. அடுத்து, ஊனத்தின் சதவீதத்தைக் காட்டி மறுக்க விடாதீர்கள். விகாஷ் குமார் வழக்கில் 2021இல் இந்திய உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள தேர்வரிடம், 40 சதவீத ஊனம் என்ற அளவுகோலுக்குள் வரவில்லை என்று காரணம் சொல்லி, அவருக்காக எழுதும் உதவியாளரை மறுத்திருந்தார்கள். இடஒதுக்கீட்டுக்கான அளவுகோலை நியாயமான ஏற்பாட்டுக்கு நிபந்தனையாக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. பார்வை இன்னும் முழுதாகப் போகவில்லையே என்று உங்கள் நிர்வாகம் சொன்னால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

மூன்றாவது, பேச்சுவார்த்தை. உடன்படிக்கைக்கான ஐ.நா. குழு 2018இல் வெளியிட்ட 6ஆம் பொதுக் கருத்துரை, ஏற்பாடு செய்ய வேண்டியவர் சம்பந்தப்பட்டவரோடு உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்கிறது. அவரைக் கேட்காமலே தொலைபேசிப் பிரிவு என்று முடிவு செய்தால் நிர்வாகம் முதல் படியிலேயே தவறுகிறது. பணிக்காலத்தில் ஊனமுற்றவரைப் பற்றி ஒரு சொல். இந்தியச் சட்டம் அரசு நிறுவனங்களில் அவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அந்த இடத்தில் அவரால் முடியாமல் போனால், அதே சம்பள விகிதத்தில் வேறு இடம் தர வேண்டும். அதாவது இடமாற்றம் என்பது வேறு எதுவும் பலிக்காதபோது வருவது. உங்கள் இடத்தில் இன்னும் எதையுமே முயன்று பார்க்கவில்லையே.

---

சக்கரம் பதில்:

சட்ட விவரம் எல்லாம் மேலே வந்துவிட்டது. முணுமுணுக்கும் சகாக்களைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். சக்கர நாற்காலியில் இருப்பவள் நான். எனக்கு நிர்வாகத்தைவிட அவர்கள்தான் முக்கியமாகத் தெரிகிறார்கள். தினமும் பக்கத்தில் உட்காருபவர்கள் அவர்கள்தானே.

பிரிட்டனில் 2012இல் ஒரு பேருந்தில் நடந்தது இது. சக்கர நாற்காலிக்கான இடத்தில் குழந்தை வண்டி ஒன்று நின்றிருந்தது. நகர்த்தச் சொல்லி ஓட்டுநர் கேட்டார், தாய் மறுத்துவிட்டார். சக்கர நாற்காலியில் வந்தவர் ஏற முடியாமல் நின்றுவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கேட்டுவிட்டேன், மறுத்துவிட்டார்கள் என்று ஓட்டுநர் அதோடு விட்டுவிடக் கூடாது, மறுப்பு நியாயமில்லாதது என்றால் இன்னும் அழுத்திச் சொல்ல என்ன செய்யலாம் என்று பார்க்க வேண்டும் என்று 2017இல் தீர்ப்பு வந்தது. எனக்கு அதில் பிடித்தது இதுதான். சக பயணி மனம் வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று உரிமையை அந்தரத்தில் விடாமல், அந்த இடத்துக்குப் பொறுப்பானவர் முன்வந்து பேச வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். உங்கள் குழுவில் அந்தப் பொறுப்பு உங்களுடையது, பேரேடு. "அவர் கேட்டது சலுகை இல்லை, வேலைக்கு வேண்டிய கருவி" என்று நீங்கள் எல்லாரும் இருக்கும்போது ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னால் பாதி முணுமுணுப்பு அடங்கிவிடும். அவரையே சொல்ல வைக்காதீர்கள். தன் தேவையைத் தானே திரும்பத் திரும்ப நியாயப்படுத்திக்கொண்டிருப்பது எவ்வளவு அசதி என்று எனக்குத் தெரியும்.

உங்கள் அலுவலகத்தில் எரியும் விளக்குகள் பார்க்க முடிகிறவர்களுக்காகச் செய்த ஏற்பாடு. அந்த மின்கட்டணத்தை யாரும் சலுகை என்று கணக்கெழுதுவதில்லை.

அப்புறம், சட்டம் தானாக வந்துவிடவில்லை. அமெரிக்காவில் 1973லேயே 504ஆம் பிரிவு என்று ஒன்று சட்டத்தில் இருந்தது. மத்திய அரசு நிதி வாங்கும் எந்த இடத்திலும் ஊனத்தைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்று. அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் கையெழுத்துப் போடாமல் வருடக்கணக்கில் இழுத்தார்கள். 1977 ஏப்ரலில் சான்ஃபிரான்சிஸ்கோவின் அரசுக் கட்டடத்தில் ஜூடித் ஹ்யூமன் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். சக்கர நாற்காலியில் வந்தவர்கள், காது கேளாதவர்கள், பார்வையில்லாதவர்கள், உதவியாளர் இல்லாமல் படுக்கையில் புரளவும் முடியாதவர்கள், எல்லாரும். மூன்று வாரத்துக்கு மேல் தரையில் படுத்துக் கிடந்தார்கள். ஏப்ரல் 28ஆம் தேதி கையெழுத்து விழுந்தது. இன்று நாம் ஒரு மின்னஞ்சலில் ஏற்பாடு கேட்கிறோம் என்றால் அதற்குப் பின்னால் அவர்களைப் போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அதனால்தான் "கேட்கக் கூச்சமாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்குவதில்லை.

---

பேரேடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஸ்கேன் கோப்பு விஷயத்தை நானே திரைவாசிப்பான் போட்டுக் கேட்டுப் பார்த்தேன். "காலி ஆவணம்" என்றுதான் சொன்னது. எங்கள் மேலாளரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் செய்தேன். அவர் முகம் மாறிவிட்டது. கோப்பை நேரடியாகத் தர ஒப்புக்கொண்டார். தொலைபேசிப் பிரிவு பேச்சை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு முட்டுக்கட்டை. வெளி மென்பொருள் பாதுகாப்புக்கு ஆபத்து என்று ஐ.டி. பிரிவு திரைவாசிப்பானைத் தடுக்கிறது. மனிதவளப் பிரிவு அவருடைய முழு மருத்துவ வரலாற்றையும் கேட்கிறது. கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

---

வெண்பிரம்பு பதில்:

மேலாளரைக் கேட்க வைத்தது நல்ல காரியம். பத்துக் கடிதம் எழுதினாலும் நடக்காதது அது.

ஐ.டி. பிரிவுக்கு இதைச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே நேரேட்டர் என்ற திரைவாசிப்பான் உள்ளே வருகிறது. வெளியிலிருந்து எதையும் நிறுவாமல் இன்றைக்கே ஆரம்பிக்கலாம். ஆனால் நாள் முழுக்க அட்டவணைகளில் வேலை செய்பவர்களில் நிறையப் பேர் என்விடிஏ அல்லது ஜாஸ்தான் வைத்திருக்கிறார்கள். ஜாஸ் காசு கொடுத்து வாங்குவது. என்விடிஏ இலவசம். 2006இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையில்லாத மைக்கேல் கரன் தொடங்கியது, மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. பாதுகாப்புதான் கவலை என்றால் அவர்களே சோதித்துப் பார்த்துவிட்டு நிறுவட்டும், புதுப்பிப்பையும் அவர்கள் பொறுப்பிலேயே வைத்துக்கொள்ளட்டும். சோதிக்க ஒரு கெடு கேளுங்கள். "பரிசீலனையில் இருக்கிறது" என்ற பதிலோடு வருடங்கள் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நிறுவிய பிறகு உங்கள் கணக்கு மென்பொருளோடு சேர்த்து அவரை வைத்தே ஓட்டிப் பாருங்கள். பெயரில்லாத பொத்தான்கள், சுட்டியால் மட்டுமே திறக்கும் பட்டியல்கள், அட்டவணையில் ஒன்றாகச் சேர்த்த கட்டங்கள், இவைதான் காலை வாரும். சேர்த்த கட்டங்களை நீங்களே இன்றைக்குப் பிரித்துவிடலாம். பொத்தான்களுக்கு மென்பொருள் விற்றவரிடம் எழுத வேண்டும். அந்தக் கடிதத்தை நிறுவனத்தின் பெயரில் எழுதுங்கள், அவர் பெயரில் வேண்டாம்.

மருத்துவ விஷயத்தில் சட்டமேசை என்னைவிடச் சரியாகச் சொல்வார். நான் பின்பற்றுவதைச் சொல்கிறேன். நிறுவனத்துக்குத் தெரிய வேண்டியது என்ன தடை, அதற்கு என்ன ஏற்பாடு என்பது. மருத்துவரிடம் அதை மட்டும் எழுதி வாங்கிக் கொடுக்கலாம். அச்சடித்த எழுத்தைப் படிக்க முடியாது, திரைவாசிப்பானோடு வேலை செய்ய முடியும் என்று இரண்டு வரி. பரம்பரைக் கோளாறு என்பதால் இன்னும் கவனம் தேவை, அதில் அவருடைய குடும்பத்தாரின் விஷயமும் கலந்திருக்கிறது. முழுக் கோப்பும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், எதற்காக என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். கொடுக்கும் காகிதம் மனிதவளப் பிரிவின் பூட்டிய கோப்பில் இருக்க வேண்டும், குழுவுக்குள் சுற்றக் கூடாது.

அவருக்குப் பார்வை இன்னும் குறையும் என்பதால் ஏற்பாட்டை ஒரே தடவையில் முடிந்த கதையாக எழுதாதீர்கள். சில மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்ப்பது என்று அந்தக் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும். வரைவை அனுப்பும் முன் அவரிடம் காட்டுங்கள். படமாக வேண்டாம், எழுத்தாகவே அனுப்புங்கள்.